சுங்கை சிப்புட் மருந்தகம்: மாத்திரையை விடப் பயன்பட்ட விளக்கம்

அம்மாவுக்கு நாள்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றுநோய். அவர் உண்ணும் இமாத்தினிப் மாத்திரையை ஈப்போ மருத்துவமனையில்தான் வாங்குகிறோம் என்றாலும், அதைப் பற்றி நான் கேட்ட கேள்விகளுக்கு எங்கள் ஊர்க் கடைத்தெருவிலுள்ள இம்மருந்தகத்தின் மருந்தாளரே அரைமணி நேரம் தமிழில் விடையளித்தார். 9ஆம், 22ஆம் குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறி ஒட்டுவதால் பிறக்கும் பிசிஆர்-ஏபிஎல் புரதம், உயிரணுவை ஓயாமல் பெருகச் சொல்கிறது என்றும், அமெரிக்காவில் 2001இல் ஒப்புதல் பெற்ற இம்மருந்து அப்புரதத்தில் ஏடிபி எனும் ஆற்றல் மூலக்கூறு அமரவேண்டிய இடத்தை அடைத்துக்கொள்கிறது என்றும் பழைய ரசீதின் பின்புறம் வரைந்து காட்டினார். சிலருக்குப் பின்னாளில் மருந்து பலிக்காமற்போவது ஏன் என்றேன். புரதத்தின் 315ஆம் இடத்தில் திரியோனின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் ஐசோலூசின் என்ற வேறோர் அமினோ அமிலம் வந்துவிட்டால் இமாத்தினிப்பால் அங்கே பொருந்த முடியாது என்றும், அந்நிலையில் பொனாத்தினிப் போன்ற மருந்து தேவைப்படும் என்றும் விளக்கினார்.

அம்மாவுக்குத் தம்புன் ஊர்ப் பம்பளிமாஸ் (பொமெலோ) பழத்தின் மீது கொள்ளை ஆசை. அவ்வகைப் பழம் கல்லீரல் நொதியைத் தடுத்து இரத்தத்தில் மருந்தின் அளவைக் கூட்டக்கூடும் என்று மருந்தாளர் எச்சரித்ததை வேறெவரும் எங்களுக்குச் சொன்னதில்லை.

குறை ஒன்றுண்டு: இரண்டே நாற்காலிகள், தோட்டத்திலிருந்து பேருந்தில் வரும் முதியவர்கள் நின்றே காத்திருக்கிறார்கள்.