எட்டு ஆண்டுகளாக கிரெப்: தமிழ்க் கோப்புகளில் தேடிய அனுபவம்

பழைய நூல்களின் தட்டச்சுப் படிகளை மெய்ப்புப் பார்க்கும் பணிக்காக, லினக்ஸ் இயங்குதளத்தில், கோப்புகளுக்குள் சொற்களைத் தேடும் கிரெப் (grep) கட்டளையை எட்டு ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். ஒரு சொல் நூல் முழுவதும் ஒரே வடிவில் இருக்கிறதா என்று பார்ப்பதே என் அன்றாடத் தேவை. பல நூறு கோப்புகளை நொடிப்பொழுதில் துழாவி வரி எண்ணுடன் விடை தருவதில் அது ஒருநாளும் என்னைக் காக்க வைத்ததில்லை.

சிக்கல் எழுத்தெண்ணிக்கையில் தொடங்கியது. எட் என்ற உரைத் தொகுப்பானின் தேடும் பகுதியை நிரலாளர் கென் தாம்சன் 1973-இல் கிரெப் என்னும் தனி நிரலாக்கிய காலத்தில் ஓர் எழுத்து என்பது ஒரு பைட்டு, அதாவது கணினி நினைவகத்தின் ஒரு சிற்றலகு. நமக்கு மூன்றெழுத்தாகிய 'அம்மா', எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் எண் தரும் யுனிகோடில் 5 குறியெண்கள். அவற்றைக் கோப்பில் சேமிக்கும் யூடிஎஃப்-8 வடிவில் 15 பைட்டுகள். கிரெப்பில் ஒரு புள்ளி ஏதேனும் ஒரு குறியெண்ணைக் குறிக்கும்; ஆகவே மூன்று புள்ளிகள் இட்டு மூன்றெழுத்துச் சொற்களைத் தேடினால் 'அம்மா' சிக்காது. பெர்ல் என்ற நிரல்மொழியின் வகைத் தேடலை இயக்கி, புள்ளிக்குப் பதிலாகப் பின்சாய்கோடும் பெரிய எக்ஸும் இட்டால்தான் மெய்யும் உயிர்மெய்யும் தனித்தனி எழுத்தாக எண்ணப்படுகின்றன. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஓராண்டு பிடித்தது.

அதைவிடத் தொல்லை தந்தது 'கொ'. அதன் உயிர்க்குறியை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, கிரெப்புக்கு வெவ்வேறு. கண்ணெதிரே இருக்கும் 'கொடி' இல்லையென்று விடை வந்த நாளிலிருந்து, ஐசியூ என்னும் யுனிகோடு நிரல் தொகுப்பின் யூகான்வ் கட்டளையால் எல்லாக் கோப்புகளையும், பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் என்எஃப்சி வடிவுக்கு மாற்றிய பிறகே தேடுகிறேன்.

இடையில் ரஸ்ட் நிரல்மொழியில் எழுதப்பட்ட ரிப்கிரெப் என்ற தேடல் கருவியையும் பழகினேன். வேகம் மெச்சத்தக்கது; ஆனால் கிட்இக்னோர் பட்டியலில் (கோப்புகளின் மாற்றங்களைப் பதியும் கிட் கருவி கண்டுகொள்ள வேண்டாதவற்றின் பட்டியல்) உள்ள அடைவுகளை அது தானாகவே தவிர்த்துவிடும் என்பதை அறியாமல், ஒரு நூலின் பிழைகள் தீர்ந்துவிட்டன என்று நம்பிப் படியை அனுப்பிவிட்டேன். ஆவணத்தைப் படிக்காதது என் தவறுதான்.

என்எஃப்சியாலும் தீராதது ஔகாரக் குறி. 'பௌர்ணமி' என்பதைப் பலர் ஒற்றைக்கொம்பும் ளகரமும் சேர்த்துப் 'பெளர்ணமி' என்று தட்டுகிறார்கள். ஒட்டுமொத்தமாக மாற்றினால் கெளுத்தி மீன் கெட்டுப்போகும். எனவே, கொம்பை அடுத்த ளகரத்துக்குப் பின் உயிர்க்குறியோ புள்ளியோ வராத இடங்களை மட்டும் கிரெப்பால் பட்டியலிட்டு, ஒவ்வொன்றாகக் கையால் திருத்துகிறேன்.