மண்ணடியில் போட்ட பார்படோஸ் டிக்கெட்: ஒரு டிராவல்ஸ் அலுவலகம் குறித்து

கொழும்பு, சிங்கப்பூர், துபாய் என்றால் கண்ணை மூடிக்கொண்டு டிக்கெட் போட்டுக் கொடுக்கும் டிராவல்ஸ் அலுவலகங்கள் மண்ணடித் தெருக்களில் நிறையவே உண்டு. அவற்றுள் ஒன்றின் வழியாகக் கடந்த பிப்ரவரியில் நாங்கள் நால்வர், நானும் மனைவியும் மகனும் மாமியாரும், கரீபியக் கடலோரம் பார்படோஸ் தீவுக்குச் சென்று வந்தோம். 2024 ஜூன் 29 அன்று டி20 உலகக் கோப்பையை இந்தியா வென்ற கென்சிங்டன் ஓவல் மைதானத்தைப் பார்த்தே தீர வேண்டும் என்று மகன் இரண்டாண்டுகளாகப் பிடித்த பிடிவாதமே இந்தப் பயணத்துக்குக் காரணம். டிக்கெட் விஷயத்தில் அந்த அலுவலகத்தை எவரிடமும் தயங்காமல் சொல்வேன். தங்குமிட விஷயத்தில் சொல்ல மாட்டேன்.

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் பார்படோஸில் 90 நாள் வரை சுற்றுலாவாகத் தங்க விசா தேவையில்லை என்பதைப் படித்துவிட்டு, வேலை பாதி முடிந்தது என்று நினைத்திருந்தேன். சென்னையிலிருந்து கரீபியத் தீவுகளுக்கு நேரடி விமானம் கிடையாது என்பதால், சிக்கல் முழுவதும் வழியில்தான் இருக்கிறது. அமெரிக்கா வழியாகப் போனால், விமானம் மாறுவதற்குக்கூட அந்நாட்டுக் குடிநுழைவுச் சோதனையைக் கடந்தாக வேண்டும். அதற்கு அமெரிக்க விசா வேண்டும். நானே இணையத்தில் தேடி, லண்டன் வழியாக மலிவான இரண்டு தனித்தனி டிக்கெட்டுகளைக் குறித்து வைத்திருந்தேன். அலுவலகத்தில் இருந்த பெரியவர் என் கைப்பேசியை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, திரையில் எல்.ஹெச்.ஆர். என்ற எழுத்துகளையும் எல்.ஜி.டபிள்யூ. என்ற எழுத்துகளையும் விரலால் தொட்டுக் காட்டினார். “எறங்குறது ஒரு ஏர்போர்ட்டு, ஏறுறது வேற ஏர்போர்ட்டு சார். நடுவுல எழுபது கிலோமீட்டர் இருக்கு. பெட்டிய யாரு தூக்கினு போறது?” என்றார். ஹீத்ரோவில் இறங்கிக் கேட்விக்கில் ஏறுவதென்றால் பிரிட்டன் எல்லைக்குள் நுழைந்து வெளியேற வேண்டும். அதற்கான விசாவே வேறு. முதல் விமானம் தாமதமானால், தனி டிக்கெட் என்பதால் இரண்டாவது விமானத்துக்குக் கொடுத்த பணமும் போய்விடும்.

அவர் இரண்டு பயணங்களையும் ஒரே பி.என்.ஆரில், ஹீத்ரோவில் இறங்கி ஹீத்ரோவிலேயே ஏறும்படி போட்டுக் கொடுத்தார். விமான நிலையத்தை விட்டு வெளியேறாத போதும் இந்தியர்களுக்கு பிரிட்டனின் டிரான்சிட் விசா தேவை என்பதையும், அதற்குக் கைரேகை பதியப் போக வேண்டும் என்பதையும் முதல் நாளே சொல்லி, நால்வருக்கும் விண்ணப்பத்தை அவரே நிரப்பினார். பெட்டிகள் மீனம்பாக்கத்தில் கொடுத்தவை நேராக பார்படோஸ் தலைநகர் பிரிட்ஜ்டவுனில் வந்து சேர்ந்தன. ஆளுக்கு 1,500 ரூபாய் சேவைக் கட்டணம் இதற்கு அதிகமில்லை.

இன்னொரு நல்லதையும் சொல்ல வேண்டும். டிரினிடாட்டையும் இரண்டு நாள் பார்த்துவிடலாம் என்று நான் ஆசைப்பட்டேன். 1845-இல் முதல் கப்பல் வந்த நாளிலிருந்து இந்தியர்கள் குடியேறிய தீவு அது. சென்னைத் துறைமுகத்திலிருந்து ஏறியவர்களின் வழிவந்தோரும் அங்கு இருக்கிறார்கள். அங்கு போய்த் திரும்புவோர் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் இல்லாமல் இந்தியா வந்தால், ஆறு நாள் வரை தனிமைப்படுத்தப்படலாம் என்றும், ஊசி போட்டுப் பத்து நாள் ஆன பிறகே சான்றிதழ் செல்லுபடியாகும் என்றும் அவர் எச்சரித்தார். ஊசி போடும் துறைமுகச் சுகாதார அலுவலகம் பக்கத்தில் ராஜாஜி சாலையிலேயே இருக்கிறது. ஆனாலும் அறுபதைக் கடந்தவர்களுக்கு இந்த ஊசியைப் போட மருத்துவர்கள் யோசிப்பார்கள் என்பதால், மாமியாரை முன்னிட்டு டிரினிடாட்டை விட்டுவிட்டோம்.

இனி குறைகள். அலுவலகத்தின் இளைஞர் ஒருவர் முதலில் செப்டம்பருக்கு ஒரு ‘ஆஃபர்’ காட்டினார். அங்கே ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம் என்பதை அவர் வாயே திறக்கவில்லை. உலகக் கோப்பையை வென்ற அணியே பெரில் புயலால் ஊர் திரும்ப முடியாமல் பார்படோஸில் அடைபட்டுக் கிடந்ததை மகன்தான் நினைவூட்டினான். அந்த இளைஞர் பதிவு செய்த விடுதியோ, தீவின் கிழக்குக் கரையில் பாத்ஷீபாவில் இருந்தது. ‘பீச் எதிரிலேயே’ என்றது பொய்யல்ல. அது அட்லாண்டிக்கின் சீற்றம் நேராக வந்து மோதும் கரை என்பதைத்தான் சொல்லவில்லை. காசிமேட்டு அலையைப் பார்த்து வளர்ந்த எனக்கே கால் நனைக்கத் துணிவு வரவில்லை. குளிப்பதற்கேற்ற அமைதியான கடல் மேற்குக் கரையில் இருக்கிறது. தீவின் பரப்பு ஏறக்குறைய 430 சதுர கிலோமீட்டர், அதாவது நம் சென்னை மாநகராட்சி அளவுதான் என்பதால், தினமும் பேருந்து ஏறிப் போய்க் குளித்து வந்தோம்.

அங்கே மின்சாரம் 115 வோல்ட், தட்டைமுனை பிளக் என்பதையும் எவரும் சொல்லவில்லை. கைப்பேசி சார்ஜர்கள் அடாப்டரோடு வேலை செய்தன. மாமியார் புடவைக்குள் சுற்றிக் கொண்டு வந்த ரைஸ் குக்கர் செய்யவில்லை. பாதி வோல்ட்டில் அதன் சூடு கால்வாசிதான் வரும். ஒரு மணி நேரம் கழித்து மூடியைத் திறந்தபோது, வெதுவெதுப்பான தண்ணீரில் அரிசி விறைத்துக்கொண்டு கிடந்தது. ராணுவ உடை போன்ற புள்ளித் துணி அணிவது அங்கே சட்டப்படி குற்றம் என்பதையும் விடுதிக்காரர் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். மகனின் இரண்டு கால்சட்டைகள் பெட்டியிலேயே இருந்தன. பணத்தில் குழப்பமில்லை. ஓர் அமெரிக்க டாலருக்கு இரண்டு பார்படோஸ் டாலர். அமெரிக்க நோட்டையே பெரும்பாலான கடைகளில் வாங்கிக்கொள்கிறார்கள்.

அந்த அலுவலகத்துக்குப் போக நினைப்பவர்கள் வெள்ளிக்கிழமை மதியம் போக வேண்டாம். தொழுகைக்காக மூன்று மணி வரை மூடியிருக்கும். வண்டி நிறுத்த இடமே கிடையாது, மண்ணடி மெட்ரோவில் இறங்கி நடப்பதே நல்லது. இளைஞரிடம் சிக்காமல் பெரியவர் வரும்வரை காத்திருங்கள். விடுதிக் கட்டணத்தோடு பிடித்த டி.சி.எஸ். (வெளிநாட்டுச் சுற்றுலாவுக்கு முன்கூட்டியே வசூலிக்கும் வருமான வரி) தொகையைப் பில்லில் தனியாகக் காட்டச் சொல்லி நான் மூன்று முறை அலைந்தேன். நீங்கள் பணம் கட்டும்போதே கேட்டு வாங்கிவிடுங்கள்.