ஜார்ஜ் ஹாரிசனின் ‘ஆல் திங்ஸ் மஸ்ட் பாஸ்’: பலர் கூடி வாசித்த தனி ஆல்பம்

ஜார்ஜ் ஹாரிசன் கிதார் வாசித்துவந்த ஆங்கிலேய ராக் இசைக்குழுவான பீட்டில்ஸ் பிரிந்த 1970ஆம் ஆண்டின் நவம்பரில் வெளிவந்த ‘ஆல் திங்ஸ் மஸ்ட் பாஸ்’ ஆல்பத்தின் உறையில் அவருடைய பெயர் மட்டுமே இருக்கிறது. உள்ளே கேட்பதோ ஊர் கூடித் தேர் இழுத்த இசை. குழுவில் உடனிருந்த லென்னனும் மெக்கார்ட்னியும் எழுதியவையே அதன் ஆல்பங்களைப் பெரிதும் நிரப்பிவந்ததால், ஹாரிசனிடம் தேங்கிப்போன பாடல்கள் ஏராளம். அவை வெளிவரும் நாளில் எரிக் கிளாப்டன், ரிங்கோ ஸ்டார், பில்லி பிரஸ்டன், பாபி விட்லாக், கிளாஸ் வூர்மன் எனப் பெரும் கலைஞர் கூட்டமே அவருக்குத் துணைநின்றது.

முதல் பாடலே அமெரிக்கப் பாடகர் பாப் டிலனுடன் சேர்ந்து எழுதியது. அதிலும் ஹாரிசனின் குரலுக்கு முன்பே கிளாப்டனின் கிதார் தொடங்கிவிடுகிறது. தன் பெயரில் வரும் பெரிய ஆல்பத்தின் வாசலில் நண்பரை முதலில் நிறுத்தும் இந்தப் பெருந்தன்மைதான் என்னை இந்த ஆல்பத்தோடு பிணைத்தது.

‘மை ஸ்வீட் லார்ட்’ பாடலைப் பலரும் அறிந்திருப்பார்கள். அக்கூஸ்டிக் கிதார்களின் சீரான மீட்டலின் மீது, ஹாரிசன் அப்போதுதான் கைவரப் பெற்றிருந்த ஸ்லைடு கிதார் (கம்பிகளின் மீது சிறு குழாயை நகர்த்தி வாசிக்கும் முறை) வழுக்கிக்கொண்டு நுழைகிறது. பின்னணியில் ‘அல்லேலூயா’ என்று ஒலிக்கும் குரல்கள், எந்த இடத்தில் மாறின என்று நாம் உணரும் முன்பே ‘ஹரே கிருஷ்ணா’ என்று பாடத் தொடங்கி, ‘குருர் பிரம்மா, குருர் விஷ்ணு’ என்னும் சுலோகத்தையும் தொட்டுவிடுகின்றன. கூட்டுப் பிரார்த்தனை போலக் கேட்கும் அந்தப் பின்னணிக் குரல்கள், ஹாரிசன் தம் குரலையே அடுக்கடுக்காகப் பதிவுசெய்து உருவாக்கியவை. இதன் மெட்டு வேறொரு பாடலை ஒத்திருப்பதாகத் தொடரப்பட்ட வழக்கில், 1976இல் அவர் தம்மை அறியாமலேயே அதை எடுத்தாண்டதாகத் தீர்ப்பாயிற்று. பாடலின் பக்தி அதனால் எனக்குக் குறைந்துவிடவில்லை.

குறை என்றால், ஹாரிசனுடன் இணைந்து ஆல்பத்தைத் தயாரித்த ஃபில் ஸ்பெக்டரின் ஒலியமைப்பைத்தான் சொல்ல வேண்டும். பல கருவிகளை ஒரே வேளையில் வாசிக்கச் செய்து, எல்லாவற்றையும் எதிரொலியில் தோய்த்தெடுப்பது அவருடைய பாணி. 1969 ஜனவரியில் பீட்டில்ஸ் ஒத்திகையிலிருந்து வெளியேறிய நாளில் ஹாரிசன் எழுதிய ‘வா-வா’ (Wah-Wah) பாடலின் கோபத்துக்கு அந்த இரைச்சல் பொருந்துகிறது என்றாலும், சொற்கள் அதில் மூழ்கிப்போகின்றன. ‘இஸ்ன்ட் இட் எ பிட்டி’ இரண்டு வடிவங்களில் இடம்பெற்றுள்ளது. ஆர்க்கெஸ்ட்ரா பொங்கும் ஏழு நிமிட முதல் வடிவத்தைவிட, நிதானமாகவும் அடக்கமாகவும் நகரும் இரண்டாவதிலேயே மனிதர் ஒருவரையொருவர் புண்படுத்தும் துயரம் நெஞ்சில் தைக்கிறது. பீட் டிரேக்கின் பெடல் ஸ்டீல் கிதார் (மிதிகளால் சுருதியை மாற்றி, கிடத்தி வாசிக்கும் கிதார்) ஒவ்வொரு வரிக்கும் மெல்லப் பதில் சொல்லும் ‘பிஹைண்ட் தட் லாக்ட் டோர்’ பாடலும் அப்படித்தான்: உடன் வாசிப்பவர்கள் இடம்விட்டு வாசிக்கும்போது ஹாரிசனின் மென்குரல் முழு உயரத்துக்கு எழுகிறது.

மூன்று இசைத்தட்டுகள் கொண்ட இந்த ஆல்பத்தின் மூன்றாவது தட்டு, கலைஞர்கள் ஒன்றுகூடி மனம்போன போக்கில் வாசித்தவற்றின் தொகுப்பு. ஒருமுறை கேட்டால் போதும். ஒலி மிகையாகிவிட்டதாக 2001 மறுவெளியீட்டில் ஹாரிசனே எழுதியிருந்தார். பால் ஹிக்ஸ் புதிதாக ஒலிக்கலவை செய்து 2021இல் வெளிவந்த பதிப்பில் குரல் முன்னுக்கு வந்து, எதிரொலி ஓரளவு விலகியிருப்பதால், முதன்முறை கேட்பவர்கள் அதையே வாங்கலாம்.