ஹெட்ஃபோனோடு விற்கும் ‘ப்ரொடெக்‌ஷன் ப்ளான்’: பணம் கட்டுமுன் படியுங்கள்

வெளி இரைச்சலை அடக்கும் நாய்ஸ் கேன்சலிங் ஹெட்ஃபோன் வாங்கப் போனால் கூடவே இரண்டு வருட ‘ப்ரொடெக்‌ஷன் ப்ளான்’ (பொருள் கெட்டால் ரிப்பேர் செய்து தருவதாகச் சொல்லும் திட்டம்) ஒன்றையும் தலையில் கட்டப் பார்ப்பார்கள். சென்னை மாதிரி கசகசவென்று வியர்க்கும் ஊரில் இருப்பவர்கள் அதற்குப் பணம் கட்டாதீர்கள்.

நான் வாங்கியது காதை முழுக்க மூடும் வகை, விலை இருபதாயிரத்துக்குக் கொஞ்சம் மேலே. கம்பெனி வாரண்டி ஒரு வருடம்தான். “தண்ணி பட்டாலும் ப்ளான்ல வந்துரும் மேடம்” என்றார் கவுண்டரில் இருந்த பையன். கேட்டதற்கு வாட்ஸப்பிலும் அதையே அனுப்பினார். நம்பி ப்ளானையும் வாங்கினேன். அந்த மெசேஜை அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

பொருளைக் குறை சொல்லமாட்டேன். தாம்பரம் மின்சார ரயிலின் இரைச்சல், ஆபீஸ் ஏசியின் உறுமல் எல்லாம் பட்டனைத் தொட்டால் அடங்கிவிடும். (பக்கத்து சீட்டுக்காரர் போனில் போடும் சண்டை அடங்காது. ஒரே சீராக வரும் தாழ்ந்த ஒலியைத்தான் இது நன்றாக அடக்கும்.) இரண்டாவது கோடையில் வலது பக்கம் ‘ஊய்’ என்று விசிலடிக்க ஆரம்பித்தது. நாய்ஸ் கேன்சலிங்கை அணைத்தால் விசில் இல்லை, பாட்டு ஒழுங்காகக் கேட்டது.

வெளி இரைச்சலைச் சின்னச் சின்ன மைக்குகள் வாங்கி, அதற்கு நேரெதிரான அலையை ஸ்பீக்கரில் விட்டு இரண்டையும் ஒன்றையொன்று அழிக்க வைப்பதுதான் இதன் வேலை. பல மாடல்களில் ஒரு மைக் காதுக் கிண்ணத்துக்கு உள்ளேயே இருக்கும். செயற்கைத் தோல் குஷன் காதை அடைத்துக்கொள்ள, வியர்வை ஆவியாகி உள்ளே நீராகப் படியும். அது மைக்கில் இறங்கினால் கணக்குத் தப்பி விசிலடிக்கும். விலை உயர்ந்த மாடல்களிலும் பலவற்றுக்கு நீர் தாங்கும் ஐபி ரேட்டிங் கிடையாது.

சர்வீஸ் சென்டரில் பிரித்துப் பார்த்தார்கள். உள்ளே ஈரம் பட்டால் நிறம் மாறும் ஸ்டிக்கர் சிவந்திருப்பதைப் போட்டோ எடுத்து அனுப்பி, “லிக்விட் டேமேஜ்” என்று எழுதிவிட்டார்கள். சரி, அதற்குத்தானே ப்ளான் என்று ப்ளான்காரர்களைப் போனில் கூப்பிட்டேன்.

“என்னைக்கு, எத்தனை மணிக்குத் தண்ணி கொட்டுச்சு மேடம்?”

“கொட்டவே இல்லைங்க. வியர்வை.”

“அப்போ ஆக்சிடென்ட் இல்லையே மேடம். கிளெய்ம் வராது.”

தண்ணீர் பாட்டில் கவிழ்ந்ததாக எழுதிக் கொடுத்தால் ‘பார்க்கலாம்’ என்று ஒரு யோசனையும் சொன்னார். பொய் எழுதிக் கையெழுத்துப் போட நான் தயாரில்லை. அப்புறம் முழு விதிமுறையையும் கேட்டு வாங்கினேன். திடீர் விபத்துக்கு மட்டும்தான் காப்பு. ஈரப்பதம், வியர்வை, துரு, நாள்பட்ட தேய்மானம் எதற்கும் கிடையாது. இயர் குஷனும் பேட்டரியும்கூடச் சேராது. இந்த வகை ஹெட்ஃபோனில் வேறு எதுதான் கெட்டுப்போகும்? கடையில் கொடுத்த ஒற்றைப் பக்கத் துண்டுச்சீட்டில் இதில் ஒரு வரிகூட இல்லை. கடைசியில் ரிப்பேர் செய்யாத பொருளைத் திருப்பித் தர ‘இன்ஸ்பெக்‌ஷன் சார்ஜ்’ ஐந்நூறு, ஜிஎஸ்டியோடு 590 ரூபாய்!

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் போட்டேன். புது ஹெட்ஃபோனுக்குத் தள்ளுபடி கூப்பன் தருகிறோம் என்று எதிர்த்தரப்பில் சொன்னார்கள், வேண்டாம் என்றேன். பிறகு 590 ரூபாய் மட்டும் கணக்கில் வந்தது. ப்ளான் பணத்துக்கு இன்னும் மூச்சுக் காட்டவில்லை. அதற்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. வாரண்டி என்று சொல்லி ஏமாற்றுவதை அந்தச் சட்டம் முறையற்ற வணிகம் என்றுதான் சொல்கிறது. ஆதாரமாக பில், சர்வீஸ் சென்டர் எழுதிக் கொடுத்த ஜாப் ஷீட், அந்த வாட்ஸப் மெசேஜ் மூன்றையும் இணைத்திருக்கிறேன்.

நீங்கள் இப்போது கடையில் நிற்கிறீர்கள் என்றால், “வியர்வையால் கெட்டால் ப்ளானில் வருமா?” என்று மட்டும் கேளுங்கள். வரும் என்றால், அதை பில்லிலேயே எழுதி சீல் போட்டுத் தரச் சொல்லுங்கள். ஏற்கெனவே வாங்கியவர்கள், கழற்றியதும் குஷனின் உள்பக்கத்தைத் துடைத்துக் கொஞ்ச நேரம் ஃபேன் காற்றில் வையுங்கள். ஈரத்தோடு பெட்டியில் போட்டு மூடாதீர்கள்.