சாக்லேட் உருண்டை செட்: அச்சுக்காக வாங்கலாம், கூட வருகிற சாக்லேட்டை நம்ப வேண்டாம்

எங்கள் பாளையங்கோட்டைத் தெருவில் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் வீடு வீடாகப் பலகாரத் தட்டு போகும். முறுக்கு, அதிரசம், அச்சு முறுக்கு, கல்கலா, ஒரு துண்டு பிளம் கேக். இந்த வருஷம் அதோடு வீட்டுக்கு ஒரு சாக்லேட் உருண்டையும் வைப்போம் என்று மகள் ஒற்றைக்காலில் நின்றாள். 2020 குளிர்காலத்தில் இணையமெங்கும் ஓடியதே, அதுதான்: உள்ளே கொக்கோப் பொடியும் மார்ஷ்மெல்லோவும் அடைத்த சாக்லேட் பந்து, அதைக் கோப்பையில் வைத்துச் சூடான பாலை ஊற்றினால் மேல் ஓடு உருகித் திறந்து எல்லாம் கலந்து குடிக்கத் தயாராகிவிடும். சரி என்று ஆன்லைனில் 849 ரூபாய்க்கு ஒரு செட் வாங்கினேன். கம்பெனி பெயரைச் சொல்லப் போவதில்லை, ஏனென்றால் பார்ப்பதற்கு இதே மாதிரி இருக்கிற செட்டை வேறு வேறு பெயரில் விற்கிறார்கள், எதை வாங்கினாலும் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்.

பெட்டிக்குள் ஆறு குழி உள்ள சிலிக்கான் அச்சு இரண்டு, 400 கிராம் டார்க் காம்பவுண்ட் சாக்லேட் கட்டி, குட்டி மார்ஷ்மெல்லோ ஒரு பாக்கெட், மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா 12, சிவப்பு ரிப்பன். ஒரு தடவைக்கு 12 அரைக்கோளம், அதாவது ஆறு உருண்டை வரும்.

அச்சு உண்மையிலேயே நன்றாக இருக்கிறது. கனமான சிலிக்கான், வாடை இல்லை, குறுக்களவு 6 செ.மீ. அப்படியே அளந்து பார்த்தேன், சரியாக இருந்தது. உருண்டை இந்த அளவில் இருப்பதால் நம் காப்பி டம்ளரில் போட முடியாது, பால் ஊற்ற இடம் இருக்காது, வழிந்துவிடும். கொடுக்கிற வீட்டில் 300 மில்லி பிடிக்கிற பெரிய கோப்பை இருக்கிறதா என்று யோசித்துக்கொண்டே கொடுங்கள், இல்லாவிட்டால் சின்ன பாத்திரத்தில் போட்டுப் பால் ஊற்றி ஆற்றிக் குடிக்கச் சொல்லுங்கள். அச்சு வளைகிறது என்பதால் ஓட்டின் விளிம்பு மெல்லிசாக இருந்தால் கழற்றும்போதே உடையும். முதல் ஈட்டில் எனக்கு நான்கு உடைந்தன. கரண்டியின் பின்பக்கத்தால் ஒரு பூச்சு, அது இறுகின பிறகு விளிம்பில் மட்டும் கொஞ்சம் தடிமனாக இன்னொரு பூச்சு என்று வைத்த பிறகு ஒன்றுகூட உடையவில்லை.

இப்போது அந்த 400 கிராம் கட்டி. காம்பவுண்ட் என்றால் கொக்கோ வெண்ணெய்க்குப் பதிலாகத் தாவரக் கொழுப்பு சேர்த்தது. உருக்கினால் போதும், பக்குவப்படுத்தும் வேலை கிடையாது, நம் வெயிலுக்கும் கொஞ்சம் தாங்கும், அதனால்தான் செட்டில் இதை வைக்கிறார்கள். கேக் மேல் பூசவோ நிலக்கடலையை முக்கி எடுக்கவோ அதுவே போதும். ஆனால் இது பாலில் கரைத்துக் குடிக்கிற பொருள். முதல் உருண்டையைப் போட்டுப் பாலை ஊற்றினேன், அழகாகத் திறந்தது, மகள் கைதட்டினாள், அப்புறம் கலக்கினால் பாலின் மேல் எண்ணெய்ப் பொட்டுகள் மினுமினுவென்று மிதக்கின்றன, ரசத்தில் தாளிப்பு மிதக்குமே அதைப் போல. ஒரு வாய் குடித்ததும் அண்ணத்தில் மெழுகு ஒட்டின மாதிரி ஒரு பூச்சு, வெந்நீர் குடித்தும் போகவில்லை. இதை என் பெயரில் அடுத்த வீட்டுக்குக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

அதனால் ஓட்டுக்குக் கலிபோ (Callebaut) 811 வாங்கினேன், பெல்ஜியம் சாக்லேட், 54.5 சதவீதம் கொக்கோ, பொத்தான் மாதிரி சில்லுகளாக வரும். வித்தியாசம் முதல் மிடறிலேயே தெரிகிறது: பாலோடு ஒன்றாகக் கலந்துவிடுகிறது, மேலே எதுவும் மிதப்பதில்லை, கசப்பும் இனிப்பும் சரியாக நிற்கிறது. ஒரு உருண்டையின் இரண்டு பாதிக்கும் சேர்த்து 30 கிராம் பிடிக்கும். வாங்கும்போது பாக்கெட்டின் பின்னால் சேர்மானப் பட்டியலைப் படியுங்கள், அதில் கொக்கோ வெண்ணெய் இருக்க வேண்டும், ஹைட்ரஜனேற்றிய தாவரக் கொழுப்பு இருக்கக் கூடாது. நம் ஊர்ச் சாக்லேட்டே வேண்டும் என்றால் ஆனைமலையில் தங்கள் தோட்டத்துக் கொக்கோவிலேயே செய்கிற சோக்லெட் (Soklet) என்ற பிராண்டு இருக்கிறது, ஆனால் ஓடு முழுக்க அதில் செய்தால் கையைக் கடிக்கும். நான் அதில் ஒரு பட்டையை வாங்கிப் பொடியாக நறுக்கி உள்ளே மட்டும் போட்டேன்.

இந்த மாதிரி நல்ல சாக்லேட்டில் ஒரு கஷ்டம் உண்டு, செட்டோடு வருகிற தாளில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கொக்கோ வெண்ணெய் ஆறு விதமாகப் படிகமாகும், அதில் ஒரு விதம்தான் பளபளப்பும், உடைத்தால் டக் என்ற சத்தமும் தரும். அந்த விதமாக இறுக வைப்பதைத்தான் டெம்பரிங் என்கிறார்கள். முக்கால் பங்குச் சில்லை 45 டிகிரி வரை உருக்கி, மிச்சம் கால் பங்கை அப்படியே கொட்டிக் கிளறிக்கொண்டே இருந்தால் சூடு இறங்கும், 31, 32 டிகிரிக்கு வந்ததும் அச்சில் ஊற்றலாம். கத்தி முனையில் கொஞ்சம் தொட்டு வைத்துப் பாருங்கள், ஐந்து நிமிஷத்தில் கோடு இல்லாமல் காய்ந்தால் சரியாக வந்திருக்கிறது. உணவுத் தெர்மாமீட்டர் தனியாக வாங்கித்தான் ஆக வேண்டும், கை வைத்துப் பார்த்துச் செய்வது எனக்கு இரண்டு தடவையும் தவறிப்போனது. பாத்திரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் இருந்தாலும் மொத்தமும் மண்ணாங்கட்டி மாதிரி திரண்டுவிடும், துடைத்த பிறகு இன்னொரு தடவை துடையுங்கள்.

மார்கழி என்றாலும் எங்கள் அடுக்களை மதியம் 30 டிகிரிக்குக் குறைவதில்லை. அந்தச் சூட்டில் சாக்லேட் இறுகவே இறுகாது. படுக்கை அறையில் ஏசியை 20-இல் வைத்து, கட்டில் மேல் பலகை போட்டு அங்கேதான் எல்லாவற்றையும் செய்தேன். பிரிட்ஜில் பத்து நிமிஷம் வைத்து எடுக்கலாம். ராத்திரி முழுக்க வைத்தால் வெளியே எடுத்ததும் வியர்க்கும், அந்த ஈரத்தில் சர்க்கரை கரைந்து காய்ந்து சாம்பல் நிறத்தில் சொரசொரப்பாகத் திட்டுப் பிடிக்கும், ஆறு உருண்டை எனக்கு அப்படிப் போனது. தூத்துக்குடியில் மதினி வீட்டுக்கு மதியம் பஸ்ஸில் கொண்டுபோனவை இளகி மறுபடி இறுகினதில் மேலே வெள்ளை வரி ஓடிவிட்டது. ருசி கெடவில்லை, மதினியும் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் மூன்று நாள் உழைத்துக் கொண்டுபோய் நீட்டும்போது அது அப்படி இருந்தது எனக்கு ரொம்ப வருத்தம். பயணம் போகிறவர்கள் விடியற்காலை பஸ்ஸைப் பிடியுங்கள்.

செட்டில் எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது மார்ஷ்மெல்லோ பாக்கெட்டைப் பார்த்துத்தான். விற்கிற பக்கத்தில் அது சைவமா அசைவமா என்று எங்கேயும் போடவில்லை. பாக்கெட்டின் மூலையில் மட்டும் மிளகு அளவுக்கு அந்தப் பழுப்புக் குறி, உள்ளே ஜெலட்டின், அதாவது மிருகத்தின் தோல் எலும்பிலிருந்து எடுப்பது. எதிர்வீட்டு ஆச்சி சுத்த சைவம், முப்பது வருஷமாக எங்கள் தட்டில் முட்டை போட்ட கேக்கை மட்டும் ஒதுக்கிவிட்டு மற்றதை நம்பிச் சாப்பிடுகிறவர்கள். மேலப்பாளையத்தில் இருக்கிற என் தோழி வீட்டிலும் எந்த ஜெலட்டின் என்று தெரியாமல் தொடமாட்டார்கள். கண்ணில் படாமல் இருந்திருந்தால் நான் எல்லோருக்கும் கொடுத்திருப்பேன், அதை நினைத்தாலே பதறுகிறது. பாக்கெட்டை அப்படியே ஓரமாக வைத்துவிட்டேன். பச்சைக் குறி போட்ட மார்ஷ்மெல்லோ கிடைக்கிறது, எனக்கு நேரத்துக்கு வந்து சேரவில்லை, அதனால் வெள்ளைச் சாக்லேட் சில்லுகளைப் போட்டேன். பால் ஊற்றும்போது அவை மெதுவாக உருகிப் பழுப்புக்கு நடுவில் வெள்ளைக் கோடாக ஓடுவது மார்ஷ்மெல்லோ மிதப்பதைவிட அழகு.

உள்ளே அடைக்கிற பொடி ஒரு உருண்டைக்கு: கொக்கோ ஒரு மேசைக்கரண்டி, வீட்டில் அரைத்த சர்க்கரை ஒன்றரை, பால் பவுடர் அரை, ஒரு சிட்டிகை உப்பு, ஏலக்காய்ப் பொடி கொஞ்சம். சலித்துத்தான் அடைக்க வேண்டும், இல்லாவிட்டால் பாலில் கட்டி கட்டியாக நிற்கும். டச்சு முறையில் காரப்பொருள் (அல்கலி, மிளகாய்க் காரம் இல்லை) சேர்த்துப் பதப்படுத்திய கொக்கோ என்றால் நிறமும் அடர்த்தியாக இருக்கும், கசப்பும் மட்டாக இருக்கும். உடன்குடிக் கருப்பட்டியைத் துருவிப் போட்டுப் பார்த்தேன், குடிக்க அவ்வளவு ருசி, சுக்கும் கொஞ்சம் சேர்த்திருந்தேன், ஆனால் இரண்டு நாளில் உள்ளே ஈரம் கோத்துப் பிசுபிசுத்துவிட்டது. அன்றன்றைக்கே குடிப்பதானால் செய்யுங்கள், கொடுத்து அனுப்புவதற்கு ஆகாது.

இரண்டு பாதியையும் ஒட்ட, ஒரு எவர்சில்வர் தட்டை லேசாகச் சூடாக்கி, காலியாக இருக்கிற பாதியின் விளிம்பை அதில் இரண்டு நொடி வைத்து எடுத்து, பொடி நிரப்பின பாதியின் மேல் அழுத்தினால் போதும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், விரல் ரேகை அப்படியே பதியும். குடிக்கிறவர்களுக்கு ஒரு சீட்டு எழுதி ரிப்பனில் கட்டினோம்: 200 மில்லி பால், பொங்கி இறக்கின சூட்டில், உருண்டையின் தலை மேல் ஊற்றவும். பக்கவாட்டில் ஊற்றினால் திறக்க நேரமாகும், பால் ஆறிவிடும்.

ஆச்சி தட்டை வாங்கும்போதே, "இதுல ஒண்ணும் கலக்கலையே, தாயி?" என்று கேட்டார்கள். "பாலு, சீனி, கொக்கோ மட்டுந்தான் ஆச்சி, நானே பாத்துப் பாத்துச் செஞ்சேன்" என்றேன். மறுநாள் பேரனை விட்டு இன்னொன்று இருக்கிறதா என்று கேட்டனுப்பினார்கள்.

ஐந்துக்கு மூன்று கொடுப்பேன், அந்த மூன்றும் அச்சுக்கும் டப்பாவுக்கும்தான். அச்சு மட்டும் தனியாகக் கிடைத்தால் அதை வாங்கிக்கொண்டு மிச்சப் பணத்தைச் சாக்லேட்டில் போடுங்கள். ஏசி இல்லாத வீடென்றால் உருண்டை வேண்டாம், மேலே சொன்ன அதே பொடியை நறுக்கின சாக்லேட்டோடு கலந்து சின்னக் கண்ணாடிப் பாட்டிலில் போட்டுக் கொடுங்கள், ருசி ஒன்றுதான். அடுத்த வருஷம் பாலிகார்பனேட் என்கிற கெட்டிப் பிளாஸ்டிக் அச்சில் செய்து பார்க்க ஆசை, அதில் பளபளப்பு இன்னும் நன்றாக வரும். 6 செ.மீ. அளவில் திருநெல்வேலிப் பக்கம் எந்தக் கடையிலாவது பார்த்திருந்தால் எனக்குச் சொல்லுங்கள்.