நம்பியோ தளத்தில் ஒரு வீடு, என் கணக்கில் இரண்டு வீடு

2023 நவம்பரில் எனக்குச் சிங்கப்பூரில் வேலை உறுதியானது. துவாஸ் பக்கம் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாடு, எஸ் பாஸ் (நடுத்தரத் திறனுள்ள வெளிநாட்டவருக்கான வேலை அனுமதி), மாதம் 4,000 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர். அப்போது நான் கோயம்புத்தூரில் பம்ப் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் இருந்தேன். பிடித்தம் போகக் கைக்கு வந்தது 52,000 ரூபாய். கணபதியில் வாடகை வீடு. மனைவி, நான்கு வயது மகள், கூடவே அப்பா அம்மா.

வேலை பிடித்துக் கொடுத்த ஏஜென்ட் 4,000-ஐ ஒரு வெள்ளிக்கு 62 ரூபாய் என்று பெருக்கிக் காட்டி, "மாசம் ரெண்டரை லட்சம்ங்க, அங்க செலவு முந்நூறு நானூறு வெள்ளிதான் ஆகும்" என்றார். அன்று இரவு, ஊருக்கு ஊர் விலைவாசியை ஒப்பிட்டுக் காட்டும் நம்பியோ தளத்தைத் திறந்து இரண்டு ஊரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கோயம்புத்தூரில் 52,000 ரூபாயில் வாழ்கிற மாதிரி சிங்கப்பூரில் வாழ 5,000 வெள்ளிக்கு மேல் வேண்டும் என்றது. ஏஜென்ட் பேச்சைக் கேட்டால் உடனே கிளம்ப வேண்டும். தளத்தைக் கேட்டால் 4,000-க்குப் போவதே நஷ்டம்.

2024 பிப்ரவரியில் வந்து சேர்ந்தேன். ஏறக்குறைய இரண்டு வருடம் ஆகிறது. ஊரிலிருந்து தம்பிமார் பலர் "அந்தத் தளத்தை நம்பலாமா அண்ணா" என்று கேட்கிறார்கள். எல்லோருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதில் ஒரே இடத்தில் எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்கு: நம்பியோ 2009-இல் செர்பியாவில் தொடங்கிய தளம். இலவசம். பெரும்பாலும் அந்தந்த ஊர்க்காரர்களே பால், முட்டை, வாடகை, பஸ் கட்டணம் என்று விலைகளைப் பதிவு செய்கிறார்கள். அது சராசரி போட்டுக் காட்டுகிறது. நியூயார்க்கை 100 என்று வைத்து மற்ற ஊர்களுக்குக் குறியீடு தருகிறது. ஒவ்வோர் ஊரின் பக்கத்திலும் எத்தனை பேர் பதிந்த விலை, எப்போது புதுப்பித்தது என்றும் போட்டிருக்கும். அதை முதலில் பாருங்கள். ஆயிரக்கணக்கானோர் பதிந்த ஊரின் சராசரியும் முப்பது பேர் பதிந்த ஊரின் சராசரியும் ஒரே எடை அல்ல.

மளிகை விஷயத்தில் தளம் எனக்கு நன்றாகவே உதவியது. அரிசி, முட்டை, பால், இன்டர்நெட் எல்லாம் நான் வந்து கொடுத்த விலைக்குப் பக்கத்தில்தான் இருந்தன. ஓட்டல் சாப்பாடும் அப்படித்தான். உணவங்காடியில் ஒரு தட்டுச் சோறு நாலரை, ஐந்து வெள்ளி. தேக்காவில் (லிட்டில் இந்தியா பகுதி) வாழையிலைச் சாப்பாடு என்றால் அதைப்போல் இரண்டு மடங்கு. இந்த அளவு முன்கூட்டியே தெரிந்ததே பெரிய உதவி. ஏஜென்ட் சொன்ன "முந்நூறு நானூறு" சாப்பாட்டுக்கு மட்டுமே சரியாகப் போய்விடும் என்று கிளம்பும் முன்பே எனக்குப் புரிந்துவிட்டது.

விலைப்பட்டியலை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை படித்துப் பாருங்கள். ஒயின் பாட்டில், மார்ல்போரோ சிகரெட், கப்புச்சினோ, வார இறுதியில் டென்னிஸ் மைதானத்துக்கு ஒரு மணி நேர வாடகை, புதுக் கார், உடற்பயிற்சி நிலையம். உலகம் முழுவதற்கும் ஒரே பட்டியல் என்பதால் அப்படித்தான் இருக்க முடியும், அதில் குற்றமில்லை. ஆனால் என் மாதத்தில் இவற்றில் ஒன்றுகூடக் கிடையாது. என் மாதத்தில் இருக்கிற விமான டிக்கெட்டும், அப்பாவின் மாத்திரையும், ஊருக்குப் பணம் அனுப்பும் கட்டணமும் அந்தப் பட்டியலில் கிடையாது.

வாடகையில்தான் கணக்கே புரண்டுபோகிறது. தளத்தில் இருப்பது ஒரு படுக்கையறை வீடு, மூன்று படுக்கையறை வீடு, நகர மையத்தில் எவ்வளவு, வெளியே எவ்வளவு என்பவைதான். இரண்டு ஊரிலும் நீங்கள் வாடகை வீட்டில் இருப்பதாக வைத்துக்கொண்டுதான் கணக்குப் போடுகிறோம் என்று அவர்களே தெளிவாக எழுதியிருக்கிறார்கள். 4,000 வெள்ளி வாங்குகிற தனி ஆள் இங்கே முழு வீடு எடுப்பதில்லை. வீவக (அரசு வீடமைப்புக் கழகம்) அடுக்குமாடியில் ஓர் அறை எடுக்கிறான். அந்த அறையையும் இன்னொருவனோடு பகிர்கிறான். பாலிடெக்னிக்கில் எனக்கு மூத்தவர் ஒருவர் துவாஸில் இருந்தார். ஃபோனில் கேட்டபோது, "தம்பி, வாடகை எவ்வளவுன்னு கேக்காதீங்க, கட்டில் எவ்வளவுன்னு கேளுங்க" என்றார். இங்கே வரப்போகிறவர்களுக்கு நானும் அதையேதான் சொல்கிறேன்.

கட்டிலின் விலையோடு இன்னும் இரண்டு கேள்வியும் கேட்க வேண்டும். சமைக்கலாமா? பியூபி பில் (கரண்ட், தண்ணீர்) வாடகையில் சேர்த்தியா, தனியா? "லைட் குக்கிங்" என்று வீட்டுக்காரர் சொன்னால் அது பெரும்பாலும் நூடுல்ஸ், முட்டை அளவுக்குத்தான், தாளிக்க விடமாட்டார். தாளிக்க விடாத வீட்டில் 100 வெள்ளி மலிவாகக் கிடைக்கும் அறை, வெளிச்சாப்பாட்டில் அந்த 100-ஐயும் அதற்கு மேலும் வாங்கிக்கொள்ளும். எனக்கு முதலில் கிடைத்த அறை அப்படித்தான். வீவக வீட்டை ஆறு மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விடக் கூடாது என்பது இங்கே விதி. அதனால் தப்பான அறையில் போய் உட்கார்ந்தால் உடனே எழுந்து வரவும் முடியாது.

அடுத்தது குடும்பம். தளத்தில் நான்கு பேர் குடும்பத்துக்கு மாதச் செலவு இவ்வளவு என்று ஒரு வரி வரும். என் மனைவி முதலில் பார்த்தது அந்த வரியைத்தான். மகளுக்குப் பள்ளிக் கட்டணம் எவ்வளவு என்று நாங்கள் இருவரும் உட்கார்ந்து குறித்துக்கூட வைத்தோம். மனைவி, பிள்ளையைக் கூட்டிவர நிலையான மாதச் சம்பளம் குறைந்தது 6,000 வெள்ளி இருக்க வேண்டும் என்பது சிங்கப்பூர் மனிதவள அமைச்சின் விதி. 4,000-க்கு அந்தப் பேச்சே இல்லை. அந்தச் செலவை எங்களால் தாங்க முடியுமா என்று ஒரு வாரம் பேசினோம். அனுமதியே இல்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. அந்த ஒரு வாரத்தில் மகளிடம் விமானத்தில் போகப் போகிறோம் என்று சொல்லியிருந்தேன். அதை இன்று நினைத்தாலும் மனசு கனக்கிறது. தயவுசெய்து விதியை முதலில் பாருங்கள், விலையை அப்புறம் பாருங்கள்.

ஆக, இந்தத் தளம் ஒரு வீட்டை ஓர் ஊரிலிருந்து தூக்கி இன்னோர் ஊரில் வைத்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போடுகிறது. எங்களைப் போன்றவர்கள் வீட்டைத் தூக்கி வைப்பதில்லை. ஊரில் ஒரு வீடு ஓடிக்கொண்டே இருக்கிறது, இங்கே ஒரு கட்டில் கூடுகிறது. ஒரு சம்பளம், இரண்டு வீடு.

நான் கிளம்பினால் ஊர்ச் செலவில் ஐந்தில் ஒரு பங்கு குறையும் என்று நினைத்தேன். மனைவிதான் பழைய ஸ்கூல் நோட்டில் உட்கார்ந்து எழுதினாள். அதுவரை மாதச் செலவு 46,000. என் பெட்ரோல், டீ, மதியச் சாப்பாடு எல்லாம் கழித்தால் 5,000 குறையும். ஆனால் மகளை நான் வண்டியில் பள்ளிக்கு விடுவது நின்றுபோவதால் வேன் வைக்க வேண்டும். அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஒவ்வொரு முறையும் கார் பிடிக்க வேண்டும். குழாய் பழுதானாலும் ஃபேன் நின்றாலும் நான் செய்ததை இனி ஆள் வைத்துச் செய்ய வேண்டும். இதற்கெல்லாம் 4,000 போட்டாள். நிகரமாக ஆயிரம் ரூபாய்தான் குறையும். அவள் எழுதியதுதான் நடந்தது. எந்தத் தளமும் அதை எனக்குச் சொல்லியிருக்க முடியாது.

இங்கே என் மாதம் இப்படி: கட்டில் 550, பியூபியும் வைஃபையும் 60, சாப்பாடு 380, ரயில், பஸ் 100, ஃபோன் 20, முடிவெட்டு, துணி, மருந்து 70. ஊருக்குப் போய்வர மாதம் 80 எடுத்து வைக்கிறேன், வரிக்கு 90. மொத்தம் 1,350 வெள்ளி. மீதி 2,650. நான் வந்தபோது இருந்த 62 ரூபாய்க் கணக்கில் அது 1,64,300 ரூபாய். ஊர்ச் செலவு 45,000 போக 1,19,300 நிற்கிறது. ஏஜென்ட் சொன்ன இரண்டரை லட்சத்தில் இது பாதிகூட இல்லை. ஆனால் ஊரில் மாதம் 6,000 மிச்சம் பிடித்த எனக்கு இது பெரிய பணம். தளம் காட்டிய ஒற்றை எண்ணைப் பார்த்துப் பயந்து இங்கே வராமல் இருந்திருந்தால் அதுதான் தப்பாகியிருக்கும்.

சம்பளத்தை ஒப்பிடுவதில் தளம் பலவீனமானது. ஓர் ஊருக்கு ஒரு சராசரி நிகரச் சம்பளம் தருகிறது. வங்கி அதிகாரியும் வெல்டரும், குடிமகனும் வெளிநாட்டவரும் ஒரே சராசரிக்குள் வந்துவிடுகிறார்கள். அதை வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள். நீங்களாகவே பார்க்க வேண்டியவை இரண்டு.

ஒன்று வரி. இங்கே வருமான வரி மாதாமாதம் சம்பளத்தில் பிடிபடாது. அடுத்த வருடம் மொத்தமாக நோட்டீஸ் வரும். முதல் 20,000 வெள்ளிக்கு வரி இல்லை, அடுத்த 10,000-க்கு 2 சதவீதம், அதற்கடுத்த 10,000-க்கு 3.5, அதன் பிறகு 7. வருடம் 48,000 வாங்குபவருக்கு மொத்தம் ஆயிரம் வெள்ளியைச் சுற்றி வரும். சுமை குறைவுதான். எடுத்து வைக்காதவனுக்குத்தான் அது திடீர்ச் செலவு. என் அறையிலேயே ஒருவர் அந்த மாதம் ஊருக்குப் பணம் அனுப்பாமல் வரி கட்டினார்.

இன்னொன்று சேமநிதி. ஊரில் என் பங்கு 3,120, கம்பெனி பங்கு 3,120 என்று மாதம் 6,240 ரூபாய் பிஎஃபில் ஏறிக்கொண்டிருந்தது. கைக்கு வராததால் அதைச் சம்பளமாகவே நான் நினைத்ததில்லை. சிங்கப்பூரின் மத்திய சேமநிதி குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான். எஸ் பாஸ்காரனுக்கு முதலாளி அதில் ஒரு வெள்ளியும் கட்டமாட்டார். ஆகவே இங்கே மிஞ்சுவதில் ஒரு பகுதியை நீங்களே பிஎஃப் மாதிரி ஒதுக்கி, தொடாமல் வைக்க வேண்டும்.

சம்பளம் நியாயமானதா என்று பார்க்க எனக்கு உண்மையில் உதவியது மைகேரியர்ஸ்ஃபியூச்சர் என்ற அரசு வேலைத் தளம். எஸ் பாஸ் கேட்கும் கம்பெனிகளில் பெரும்பாலானவை முன்னதாக 14 நாளாவது அந்த வேலையை அங்கே விளம்பரம் செய்ய வேண்டும், சம்பள வரம்போடு. உங்கள் வேலையின் பெயரைப் போட்டுத் தேடினால் என்ன கொடுக்கிறார்கள் என்று கண்ணால் பார்க்கலாம். மனிதவள அமைச்சின் தளத்தில் தொழில்வாரியான சம்பளப் பட்டியலும் இருக்கிறது. பாஸ் கிடைக்குமா என்று சோதிக்கும் கருவி இருக்கிறது. ஏஜென்சிக்கு உரிமம் உண்டா என்றும் தேடலாம். எஸ் பாஸுக்கான குறைந்தபட்சச் சம்பளம் வயதோடு ஏறும் என்பதை நான் அங்கேதான் கற்றுக்கொண்டேன். 2025 செப்டம்பர் முதல் புது விண்ணப்பத்துக்கு அது 3,300-இல் தொடங்குகிறது. நாற்பதைத் தாண்டியவருக்கு அது போதாது.

பாஸுக்கு அமைச்சு தரும் முன் அனுமதிக் கடிதம் கைக்கு வந்ததும் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, அலவன்ஸ் எவ்வளவு என்று பிரித்துப் படியுங்கள். ஓவர்டைம் கிடைக்கிற வேலை என்றால் அது அடிப்படையை வைத்துத்தான் கணக்காகும். சிங்கப்பூர் ஏஜென்சி தொழிலாளியிடம் வாங்கும் கட்டணம் வேலைக்காலத்தில் வருடத்துக்கு ஒரு மாதச் சம்பளம், எப்படியும் இரண்டு மாதத்துக்கு மேல் கூடாது என்பது சட்டம். எனக்கு இது தெரிந்திருந்தால் ஊரில் அந்த ஏஜென்ட் முன்னால் அவ்வளவு பணிந்து உட்கார்ந்திருக்க மாட்டேன். அவர் வாங்கியது, டிக்கெட், முதல் மாத வாடகை, டெபாசிட் எல்லாம் சேர்த்து மூன்றரை லட்சம் கடனோடு வந்தேன். அடைக்க நான்கு மாதம் ஆனது. அந்த நான்கு மாதமும் வீட்டுக்குச் செலவுக்கு மட்டும்தான் அனுப்பினேன்.

நம்பியோவுக்கு ஐந்துக்கு மூன்றரை தருவேன். சாமான் விலைக்கு நாலரை, வாடகைக்கு இரண்டு, சம்பளத்துக்கு ஒன்று. குடும்பத்தோடு போக அனுமதி உள்ளவர்களுக்கு, முழு வீடு எடுக்கும் சம்பளக்காரர்களுக்கு, அது இன்னும் நன்றாகவே பொருந்தும்.

போன தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது காய்கறி விலை, பஸ் கட்டணம், எங்கள் வீட்டு வாடகை எல்லாவற்றையும் மனைவியும் நானும் அந்தத் தளத்தில் பதிவு செய்தோம். திரும்பி வந்து, இங்கே நான் இருக்கும் ஜூரோங் வெஸ்ட் விலைகளையும் பதிந்தேன். பகிர்ந்த அறைக்கு அங்கே கட்டம் இல்லை. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்: ஜூரோங் வெஸ்ட், பூன் லே ரயில் நிலையத்திலிருந்து பஸ்ஸில் பத்து நிமிடம், அறைக்கு இருவர், ஆளுக்கு 550 வெள்ளி, பியூபி தனி, தாளிக்கலாம்.