வாரம் ஒரு மாத்திரை, வாரம் ஒரு சண்டை: அலெண்ட்ரோனேட் 70 மி.கி.

எலும்புப்புரைக்கு (எலும்பு அடர்த்தி குறைந்து எளிதில் முறியும் நோய்) வாரம் ஒரு முறை போடும் அலெண்ட்ரோனேட் மாத்திரையே போதுமா, வருஷத்துக்கு ஒரு முறை போடும் ஊசி போட்டுக்கொள்ளலாமா என்று தோழி ஒருத்தி கேட்டாள். டெக்ஸா (எலும்பு அடர்த்தி ஸ்கேன்), டி ஸ்கோர் (அதில் வரும் மதிப்பெண்) எல்லாம் அவளுக்கும் தெரியும், படிக்கிறவர்களுக்கும் தெரியும் என்று வைத்துக்கொண்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

அலெண்ட்ரோனேட் நல்ல மருந்து. விலையும் கம்மி. முதுகெலும்பு, இடுப்பு எலும்பு முறிவுகளைக் குறைக்கும் என்பதில் சந்தேகமே இல்லை. எரிச்சலெல்லாம் அந்த ஒரு நாள் காலையில்தான். "வெறும் வயித்துல போடுங்க" என்று சீட்டை நீட்டிவிட்டு டாக்டர் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிடுகிறார். நம் வீடுகளில் காபி குடித்த வயிறும் வெறும் வயிறுதான்! வெறும் தண்ணீரோடு விழுங்கினாலே இந்த மருந்தில் உடம்பில் சேர்வது 1 சதவீதத்துக்கும் குறைவு. காபியோடு போனால் அதிலும் சுமார் 60 சதவீதம் போச்சு. இதைச் சொல்ல அரை நிமிஷம் ஆகுமா?

எழுந்ததும் ஒரு முழு டம்ளர், 200 மி.லி.யாவது, சாதாரணத் தண்ணீர். மாத்திரையைக் கடிக்கவோ சப்பவோ கூடாது. அரை மணி நேரம் வேறு எதுவும் வாயில் படக்கூடாது. படுக்கவும் கூடாது, குனியவும் கூடாது. மாத்திரை உணவுக்குழாயில் தங்கினால் புண்ணாகிவிடும். அதனால் அன்றைக்குக் கோலத்தை மாத்திரைக்கு முன்னால் போட்டுவிடுங்கள், இல்லையேல் வேறு யாராவது போடட்டும்.

தைராய்டு மாத்திரைக்காரர்களுக்கு இன்னும் கஷ்டம், அதுவும் வெறும் வயிறு கேட்கும். முதலில் இது, அரை மணி கழித்துத் தைராய்டு, அதற்கும் அரை மணியாவது கழித்துத்தான் காபி. தைராய்டை இரவுக்கு மாற்றலாமா என்று கேட்டுப் பாருங்கள். கால்சியத்தை மதியச் சாப்பாட்டோடு வைத்துக்கொண்டால் இரண்டோடும் மோதாது. ஒரு வாரம் மறந்துவிட்டால், ஞாபகம் வந்த நாளுக்கு மறுநாள் காலை போட்டுவிட்டு, பழைய கிழமைக்கே திரும்புங்கள். ஒரே நாளில் இரண்டு வேண்டாம்.

டாக்டரிடம் நீங்களாகவே சொல்ல வேண்டியவை: தினமும் போடும் கேஸ் மாத்திரை, ஸ்டீராய்டு, பிடுங்க வேண்டிய பல். தொடையிலோ கவட்டிலோ மந்தமான வலி தொடர்ந்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காதீர்கள். அரிதாகத் தொடை எலும்பில் விரிசல் விழும். 5 வருஷம் ஆனதும் நிறுத்தலாமா என்று கேளுங்கள். கேட்காவிட்டால் சீட்டு தானாகவே ரிப்பீட் ஆகிக்கொண்டிருக்கும்.

ஆக, மருந்துக்கு நல்ல மார்க்தான். இருந்தும் தோழிக்கு என் பதில்: ஊசி. கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை), கால்சியம், வைட்டமின் டி மூன்றும் பார்த்துச் சரியாக இருந்தால் வருஷ ஊசியான ஜோலெட்ரோனிக் ஆசிட் 5 மி.கி., டிரிப்பில் கால் மணிக்குக் குறையாமல் ஏற்றுவார்கள். ஆறு மாத ஊசியான டெனோசுமாப் வேறு மருந்து. அதைத் தள்ளிப்போட்டாலோ நிறுத்தினாலோ முதுகெலும்பு அடுத்தடுத்து நொறுங்கும் ஆபத்து உண்டு, குழப்பிக்கொள்ளாதே. வருஷ ஊசிக்குப் பிறகு காய்ச்சலும் உடம்பு வலியும் வரலாம். பாராசிட்டமாலும் நிறையத் தண்ணீரும் போதும், பெரும்பாலும் மூன்று நாளில் போய்விடும். மாத்திரை என்றால் வருஷத்துக்கு 52 காலை.